பதிமூன்றாம் ஸ்தலத்தில் கிடந்தவன்

செபமாலையம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. வராது என்றால் சுத்தமாக வராது. ஆனைப்பாறை எஸ்டேட்டில் இதை அறியாதவர் கிடையாது. கங்காணி காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "நேத்து ஓடைக்காட்டுல காய் பிடிச்ச ஏலச்சரத்தை மிதிச்சு நாசம் பண்ணுனது யாரு?" என்று கேட்பார். மிதித்தவர்கள் நாலு பேர் இருந்தாலும் நாலு பேரும் மானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவள் மட்டும், "நானும் ஒண்ணு மிதிச்சேன். வழுக்கிருச்சு" என்பாள். மற்ற மூன்று பேர் பெயரையும் சொல்ல மாட்டாள், அது வேறு விஷயம். கங்காணிக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். "உன்னைய யாரு கேட்டா? போ, போய் வேலையப் பாரு" என்று அவளைத்தான் முதலில் விரட்டுவார்.

ராயப்பன்பட்டிப் பக்கத்துப் பிறப்பு. கம்பம்மெட்டு ஏறி இந்த மலைக்கு வாக்கப்பட்டு வந்தாள். புருஷன் ஒரு ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து செத்தான். மிஞ்சியது ஒரு மகன். பவுல்ராஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனை வளர்க்க அவள் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் மலையில் விதவையாய்ப் பிள்ளை வளர்த்த எந்தப் பொம்பளையும் அதே பாட்டைத்தான் பட்டிருப்பாள். அதனால் அதை விட்டுவிடலாம்.

பவுல்ராஜ் தோளில் மருந்து பம்பு மாட்டி ஏலச்செடிக்கு மருந்து அடிக்கிற வேலைக்குப் போனான். எழுபத்து மூன்றாம் வருசம், காய் எடுப்பு நடக்கிற காலம். ஸ்டோர் வாசலில், காய் உலர்த்துகிற அந்தக் கட்டடத்து வாசலில், சூப்பர்வைசர் அவன் வேட்டி மடிப்பைத் தட்டிப் பார்த்தார். ஒரு கைப்பிடி ஏலக்காய் இருந்தது. எல்லாருடைய மடிப்பிலும் என்றைக்காவது ஒரு நாள் இருந்ததுதான். அன்றைக்கு அகப்பட்டவன் இவன். சூப்பர்வைசர் கன்னத்தில் அறைந்தார். எடுப்புக்கு வந்த பொம்பளைகள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணும் நின்றாள். அவன் காட்டுக்குள் இறங்கிப் போனான். பம்பில் ஊற்றுகிற மருந்தை எடுத்துக் குடித்தான்.

செத்தவனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், வியாகுல மாதா கோயில். அப்போது இருந்தவர் பழைய சாமியார். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவனுக்குப் பூசை கிடையாது, மணி கிடையாது, மந்திரித்த கல்லறையில் இடம் கிடையாது. அப்படிப்பட்டவனைப் போடுகிற குழிக்கு மலையாளத்துக்காரர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், தெம்மாடிக்குழி என்று. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, காட்டுப் பன்றி மண்ணைக் கிளறுகிற சரிவில் இருந்தது அது.

வழியிலேயே உபதேசியார் மரியஜோசப் செபமாலையின் காதருகே வந்தார். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர், ஈர மனசுக்காரர்.

"இங்க பாரு தாயி. சாமியார் கேப்பாரு. தண்ணின்னு நெனைச்சுத் தவறிக் குடிச்சிட்டான்னு சொல்லிரு. ஒத்த வார்த்தை. மத்ததை நான் பாத்துக்கிடுறேன்."

கோயில் வாசல்படியில் சாமியார் நின்றார். படிக்குக் கீழே, கம்பளியில் பவுல்ராஜ் கிடந்தான்.

"செபமாலை, சர்வேசுரன் சாட்சியாச் சொல்லு. தவறிக் குடிச்சானா, தெரிஞ்சு குடிச்சானா?"

அவள் உபதேசியாரைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் சாமி குடிச்சான். அதனால அவன் எம்மகன் இல்லைன்னு ஆயிருமா?"

உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டார். சாமியார் கதவைச் சாத்தவில்லை, ஆனால் ஒதுங்கி வழியும் விடவில்லை. மணி அடிக்கவில்லை. பொம்பளைகள் மாரடித்து ஒப்பாரி வைக்கக்கூடப் பயந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டார்கள். வேலிக்கு வெளியே குழி தோண்டிப் போட்டுவிட்டு வந்தார்கள்.

பொய் மேலே பிள்ளையைப் படுக்க வைக்க மாட்டேன் என்றுதான் அன்றைக்கு அவள் நினைத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகு வேறு நினைப்பு வந்தது. அவனை வெளியே போட்டது சாமியார் இல்லை, சூப்பர்வைசர் இல்லை, என் நாக்குதான். இந்த நினைப்பு வந்து உட்கார்ந்தது, எழுந்து போகவே இல்லை. அவனுக்கு ஒரு போட்டோ கிடையாது. எஸ்டேட்டில் யார் போட்டோ எடுத்தார்கள்? நாளாக ஆக, அவன் முகம் அவளுக்கு முழுசாக வருவதில்லை. காது வரும், மூக்கு வரும். முழு முகமாக ஒன்றுசேராது.

இப்படி ஒரு வருசத்துக்கும் மேலே ஓடியது. பழைய சாமியார் மாற்றலாகிப் போனார். புதுச் சாமியார் வந்தார். இளவயசு, கண்ணாடி போட்டவர், ஜீப்பை அவரே ஓட்டுவார். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்துவிட்டது போல, கோயில் சுவரும் சனங்களின் பாஷையைப் பேச வேண்டும் என்பார். தவசு காலம் தொடங்கினதும் பிரசங்கத்தில் சொன்னார்: "சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலங்களையும் ஒரு ஓவியர் புதுசாக வரையப் போகிறார். வெள்ளைக்காரச் சேசு இல்லை, உங்களைப் போல இருக்கிற சேசு. நம் கோயிலில் மாட்டப் போகிறோம். கோட்டயத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து பார்ப்பார்கள்."

ஓவியர் வந்து இறங்கினார். பெயர் சோலை. மதுரைப் பக்கத்து ஆள், மெட்ராஸில் ஓவியம் படித்தவர். நெற்றியில் திருநீறு. எஸ்டேட் முழுக்க அன்றைக்கு அதே பேச்சு.

"ஞானஸ்நானம் வாங்காதவன் கையால சேசுவா?"

"கோயில் கட்டுன கொத்தனாரு மட்டும் நன்மை வாங்கிக்கிட்டா சாந்து பூசுனாரு? சும்மா கெட."

இன்னொரு கூத்து, அவர் துணியில் வரையவில்லை. ஏலக்காய் கட்டுகிற சாக்கைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, அதில் வரைந்தார். சாக்கில் அச்சடித்த எஸ்டேட் முத்திரை வண்ணத்துக்கு அடியில் மங்கலாகத் தெரியும். "சாமியப் போயிச் சாக்குலயா?" என்று கிழவிகள் மூக்கில் விரல் வைத்தார்கள். சோலை சிரித்துக்கொண்டே, "பட்டுல வரைஞ்சா பாக்க வருவீங்களா பாட்டி? சாக்குன்னாத்தான என்னமோ நம்ம சரக்குன்னு எட்டிப் பாக்குறீங்க" என்பார்.

அவருக்குச் சோறு பொங்கிப் போட செபமாலையை வைத்தார் சாமியார். காய் எடுப்பு முடிந்த காலம், தோட்டத்தில் வேலை குறைவு. கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் சோலை வரைவார். அவள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். எஸ்டேட் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்று முகம் கொடுத்தார்கள். பிலாத்துவுக்குக் கங்காணி முகம். கைகழுவுகிற மாதிரி வரைந்திருந்ததைப் பார்த்து அவருக்கு ஒரே பெருமை. "கோர்ட்டுக் கச்சேரியில உக்காந்த மாதிரி இருக்கேன்ல?" என்று குடியிருப்பு லயத்தில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திக் கேட்டார். பிலாத்து சேசுவைச் சாவுக்குக் கொடுத்துவிட்டுக் கைகழுவினவன் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

பதிமூன்றாம் ஸ்தலம் வந்தது. சிலுவையிலிருந்து இறக்கின சேசுவைத் தாய் மடியில் கிடத்துகிற ஸ்தலம். சோலை முதலில் தாயின் கைகளுக்குச் செபமாலையின் கைகளைப் பார்த்து வரைந்தார். ஏலக்காய்க் கறை ஏறிக் கறுத்த விரல்கள். தாயின் முகத்தை முக்காட்டுக்குள் குனிய வைத்து மறைத்துவிட்டார். மடியில் கிடக்கிறவருக்கு முகம் வேண்டும். நாலைந்து பேரை நிற்க வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை.

"அக்கா, உங்களுக்குப் பிள்ளைக இல்லையா?"

"ஒருத்தன் இருந்தான். செத்துப்போயிட்டான்."

சோலை தூரிகையைக் கீழே வைத்தார். "எப்படி இருப்பான்?"

இப்படி ஒரு கேள்வியை அவன் செத்த நாளிலிருந்து யாரும் அவளிடம் கேட்கவில்லை. எப்படிச் செத்தான் என்று கேட்டார்கள், ஏன் செத்தான் என்று கேட்டார்கள். எப்படி இருப்பான் என்று கேட்கவில்லை. அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"நெத்தி நல்லா ஏறியிருக்கும், தம்பி. அவுக அப்பா நெத்தி."

சோலை கரித்துண்டால் இழுத்தார்.

"அவ்வளவு இல்ல. வழுக்கைங்கிறீரா என்ன? கொஞ்சம் இறக்கும். ஆங். புருவம் ரெண்டும் சேரப் பாக்கும், சேராது. சிரிச்சா ஒரு பக்கம்தான் சிரிப்பான்."

"அக்கா, செத்துப்போன சேசு சிரிக்க மாட்டாரே."

"சிரிக்கலைன்னாலும் எந்தப் பக்கம்னு தெரியும். நீரு வரையும்."

அன்றைக்கு உலை கொதித்து அடங்கி, அடுப்பு அணைந்தே போய்விட்டது. மறுநாளும் அதே வேலை. மூக்கு இப்படி இல்லை, காது இன்னும் ஒட்டியிருக்கும் என்று அவள் விடவே இல்லை. சோலை ஒரு தடவை அலுத்துப்போய், "போதும்க்கா, நல்லாத்தான் இருக்கு" என்றார். "நல்லா இருந்து என்ன செய்ய? அவனா இல்லையே" என்றாள். அவர் திரும்பவும் அழித்தார். மூன்றாம் நாள் வெயில் ஏறின நேரத்தில், ஒரு கோடு எங்கேயோ போய்ச் சேர்ந்தது, அவன் வந்துவிட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அவன் எங்கே கிடக்கிறான் என்பதைச் சோலையிடம் அவள் சொல்லவில்லை. கேட்டபோது, "காட்டுல வேலையில இருக்கும்போது போயிட்டான்" என்று நிறுத்திக்கொண்டாள். அது பொய் இல்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு படங்களை மாட்டினார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து ஒவ்வொன்றையும் மந்திரித்தார். சோலை மறுநாளே ஊருக்குப் போய்விட்டார். பதிமூன்றாவது படம் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில், வலப்பக்கம் மாட்டியிருந்தது. செபமாலை பார்த்தாள். எவனை வாசல்படிக்கு மேலே ஏற்றவில்லையோ, அவன் பீடத்துக்கு எட்டும் தூரத்தில், தாய் மடியில், மந்திரித்த தீர்த்தம் நெற்றியில் பட்டுக் கிடந்தான்.

அவள் மட்டும் இல்லை, எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்: சாமியார் மந்திரித்துக் கோயிலுக்குள் வைத்த ஒன்று வெளியே போகாது. மாதா சுரூபத்தின் கை உடைந்தால்கூட அதைத் தூர எறிய மாட்டார்கள், கோயில் மண்ணுக்குள்தான் புதைப்பார்கள். ஆகவே பவுல்ராஜ் உள்ளே வந்துவிட்டான், இனி உள்ளேதான். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அவன் யார் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும்.

அந்த வாரம் கோயிலுக்கு வந்த கூட்டத்தைச் சொல்லி முடியாது. வண்டன்மேட்டில் ஏலம் எடுக்க வருகிற வியாபாரிகள் வந்தார்கள். கன்னியாஸ்திரிகள் வந்தார்கள். தாடி வைத்த பையன்கள் கோட்டயத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, படத்துக்குக் கிட்டே போய், தூரப் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். படத்துக்கு மெழுகுதிரி ஏற்றக்கூடாது, மாலை போடக்கூடாது, தொட்டு முத்தி செய்யக்கூடாது என்று சாமியார் சொல்லியிருந்தார். "சும்மா பாருங்கள். பார்த்து தியானியுங்கள்." பார்ப்பதற்கு மட்டும் ஒரு சாமியா என்று சனங்களுக்குப் புரியவில்லை. இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. பெரிய வெள்ளியன்று சேசு செத்துவிட்டார் என்று அந்தச் சனங்கள் ஒரு பேச்சுக்குச் சொல்வதில்லை. செத்த வீடு என்றால் செத்த வீடுதான். அடுப்பு மூட்ட மாட்டார்கள், தலை சீவ மாட்டார்கள், பொம்பளைகள் சேசுவின் முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். அது ராயப்பன்பட்டியிலிருந்து மலையேறி வந்த வழக்கம். வழக்கமாக மரச் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி வைத்து, அதன் முன்னால் பாடுவார்கள். அந்த வருசம் சாமியார் சுரூபத்தை எடுக்கவில்லை. புதுப் படங்கள் இருக்கிறதே என்று விட்டுவிட்டார். சிலுவைப்பாதை முடிந்து ஆம்பிளைகள் வெளியே போனதும், பொம்பளைகள் யாரும் சொல்லாமலே பதிமூன்றாம் படத்துக்குக் கீழே போய் வட்டமாக உட்கார்ந்தார்கள். பார்த்து தியானிப்பதெல்லாம் மற்ற நாளைக்கு. செத்த பிள்ளை கண்முன்னே கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் என்ன பொம்பளை?

கத்தரீனாள் எடுத்துக் கொடுத்தாள். செபமாலைக்குப் பக்கத்து லயம், அவளை மதினி என்று கூப்பிடுகிறவள். அடுத்து ஒருத்தி, அடுத்து ஒருத்தி என்று சுற்றி வந்தது. செபமாலையின் முறை வந்தது. எப்போதும் பாடுகிற, சேசுவுக்குரிய ஒப்பாரியைப் பாடத்தான் நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

ஏலம் பூத்த காட்டுக்குள்ள
எறங்கிப் போன எம்மகனே
காயெடுக்கப் போன கையி
காஞ்சு கெடக்குதய்யா
மணியடிக்க ஆளுமில்ல
மண்ணள்ள ஊருமில்ல
மருந்தடிச்ச தோளுக்கு
மாலை போட யாருமில்ல

மகன் செத்த அன்றைக்குப் பாட விடாமல் முந்தானையைத் திணித்து அடைத்து வைத்தது, இப்போது வெளியே வந்துவிட்டது. கூட ஆமோதித்துப் பாடிக்கொண்டிருந்த பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். கத்தரீனாள் அண்ணாந்து படத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள்.

"சேசு எந்த எஸ்டேட்டுல மதினி மருந்தடிச்சாரு?" என்றாள்.

செபமாலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இது பவுல்ராசுதான. ஆத்தி! தெம்மாடிக்குழியில கெடக்கிறவனப் பீடத்துல ஏத்திட்டாளே!"

கத்தரீனாளைக் கெட்டவள் என்று சொன்னால் அது பாவம். அவளுக்கு ஒரு பேத்தி பிறந்தது. காலையில் பிறந்து உச்சிப்பொழுதில் போய்விட்டது. ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அந்தப் பதற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை. உபதேசியாரைக் கூட்டிவர ஆள் ஓடினது. அவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் வாங்காத அந்தப் பிள்ளையும் வேலிக்கு வெளியேதான். ஆகவே அவள் கோயிலுக்குள் நின்று கத்தினதில் ஒரு ஞாயம் இருந்தது.

"எம் பேத்தி என்ன பாவம் பண்ணுச்சு? ஒரு மொடக்குத் தண்ணிக்கு வழியில்லாம வெளிய கெடக்கு. அதுக்கு ஒரு ஞாயம், உம்மகனுக்கு ஒரு ஞாயமா?"

விஷயம் கோயில் கமிட்டிக்குப் போனது. கமிட்டிக்காரர்கள் சாமியாரிடம் போய், உயிரை மாய்த்துக்கொண்டவன் மூஞ்சியைப் பார்த்து நாங்கள் சேசு உயிர்த்தெழுகிற பாஸ்கு பூசை காண மாட்டோம், ஒன்று படத்தை இறக்குங்கள், இல்லையென்றால் நாங்கள் வரவில்லை என்று நின்றார்கள்.

பெரிய சனிக்கிழமை காலை, சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற அறைக்குச் செபமாலையைக் கூப்பிட்டு அனுப்பினார். உபதேசியார் மரியஜோசப்பும் அங்கே நின்றார்.

"தோத்திரம் சாமி."

"உட்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை.

"அந்தப் படத்தில் இருப்பது உங்கள் மகன் என்கிறார்கள். உண்மையா? உண்மையாக இருந்தாலும் நான் உங்களைக் கோவிக்க மாட்டேன். ஆனால் கமிட்டிக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும்."

நல்ல மனுசன். குரலிலேயே தெரிந்தது. ஆமாம் என்று சொன்னால் அவர் திட்ட மாட்டார், அவளுக்காக வாதாடக்கூடச் செய்வார். ஆனால் கமிட்டி விடாது, படம் இறங்கும். திரும்பவும் ஒரு சாமியார், திரும்பவும் ஒரு கேள்வி, திரும்பவும் அவள் நாக்கில் அவன். சன்னல் வழியே கோயிலுக்குள் அந்தச் சுவர் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இல்ல சாமி" என்றாள். "அது சேசு. எம்மகன் அந்தக் குழியிலதான கெடக்கான்."

அப்போது உபதேசியார் தொண்டையைச் செருமினார்.

"சாமி, இவ பொய் சொல்ல மாட்டா. இந்த எஸ்டேட்டுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. பெத்த மகனுக்குக் கல்லறை போகும்னு தெரிஞ்சும் பொய் சொல்லாதவ இவ. இல்லைன்னு இவ சொன்னா, இல்லதான்."

சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்துக்கொண்டார். அவருக்குத் தெரியும். பவுல்ராஜுக்கு முதல் நன்மைக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவருக்கு அந்த முகம் தெரியாதா என்ன?

அவள் சொன்னாள் என்று கேட்டதும் கமிட்டி அடங்கிவிட்டது. செபமாலை சொல்லிவிட்டாளா, அப்படியென்றால் சரி என்றார்கள். காலமெல்லாம் சேர்த்து வைத்த பெயர் அத்தனையும் அந்த ஒரு வார்த்தைக்குச் செலவாகிப் போனது. கத்தரீனாள் மட்டும் முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

பாஸ்கு பூசையில் எல்லாரும் நன்மை வாங்க, சேசுவின் அப்பத்தை நாக்கில் வாங்க, எழுந்து போனார்கள். செபமாலை எழுந்திருக்கவில்லை. வாங்க வேண்டுமென்றால் முதலில் பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும். சொன்னால் பொய்யைத் திருத்து என்பார் சாமியார். திருத்தினால் அவன் வெளியே. ஆகவே அவள் கடைசி வரிசையில் முழங்காலில் இருந்தாள். அவனைப் பார்த்து அழக்கூட அவளால் முடியவில்லை. அதிகமாக அழுதால் காட்டிக் கொடுத்துவிடும். மற்றவர்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்களோ, அவளும் அவ்வளவு நேரம்தான் பார்த்தாள். பெற்றவள், வேற்று மனுசி மாதிரி பார்த்தாள். போகட்டும், உள்ளே இருக்கிறானே, அது போதும் என்று இருந்தாள்.

திங்கட்கிழமை விடியவும் கோயில் முற்றத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. இரண்டு பேர் கயிறும் கம்பளியுமாக இறங்கினார்கள். செபமாலை கோயில் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் முதல் ஸ்தலத்துப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள்.

"என்ன பண்ணுதீக?" என்று விளக்குமாற்றோடு ஓடினாள்.

"படத்தை எடுக்கிறோம்மா. கோட்டயத்துல ஒரு ஹால்ல வைக்கணும். அப்புறம் மெட்ராஸ் போகுது."

அவள் சாமியாரிடம் ஓடினாள். அவர் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, மந்திரிச்ச படத்தைக் கொண்டு போறாக!"

"கொண்டு போகத்தானே வேண்டும்? இது கண்காட்சி அம்மா. பாஸ்கு வரைக்கும்தான் நம் கோயிலில். நான் முதலிலேயே..." என்று தொடங்கினவர் நிறுத்தினார். சொன்னோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் சொல்லவில்லை. கண்காட்சி என்றால் கழற்றிக்கொண்டு போவது என்று அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கோயிலுக்குள் வந்தது போகாது என்பதை இவர்களுக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அங்க போயி கோயில்லயா வைப்பாக?"

"இல்லை. விருப்பப்பட்டவர்கள் வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் மாட்டுவார்கள்."

"ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுட்டுப் போகக்கூடாதா சாமி?"

"எந்தப் படம்?"

வாய் வரைக்கும் வந்தது. பதிமூன்று என்று சொன்னால் ஏன் என்பார். சனிக்கிழமை இல்லை என்று சொன்னவள் திங்கட்கிழமை என்னத்தைச் சொல்லுவாள்?

"ஏதாவது ஒண்ணு" என்றாள்.

"பதினாலும் சேர்ந்தால்தான் சிலுவைப்பாதை. பிரிக்க முடியாதும்மா" என்று சாமியார் இரக்கத்தோடுதான் சொன்னார்.

அவள் திரும்பி வந்தபோது பாதிச் சுவர் வெறிச்சென்று ஆகியிருந்தது. படங்களைச் சாய்த்துப் பக்கவாசல் வழியாகக் கொண்டு போனார்கள், ஜீப் அந்தப் பக்கம் நின்றதால். சாமியாரின் அறைக்கு விறகும் தண்ணீரும் போகிற வாசல் அது. பதிமூன்றாவதை இறக்கி அதே பக்கம் திருப்பினார்கள். செபமாலை வழியை மறித்து நின்றாள்.

"இது இந்த வழியாப் போகாது."

"அம்மா, ஜீப்பு இங்கதான் நிக்குது."

"நிக்கட்டும். நடுவாசல் வழியாத்தான் போகும். நீங்க தூக்க வேண்டாம், நான் தூக்குதேன்."

"என்னம்மா பைத்தியம் மாதிரி..."

"ஆமா, பைத்தியந்தான். வையிங்க கீழ."

பூசை முடிந்த பிணம் நடுவாசல் வழியாகத்தான் கல்லறைக்குப் போகும். அந்த இரண்டு பேருக்கு அது தெரியாது. அவர்கள் சலித்துக்கொண்டு படத்தைத் தரையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனார்கள். செபமாலை ஒரு பக்கம் குனிந்து தூக்கிப் பார்த்தாள். சட்டம் அகலம், ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. மறுபக்கம் தரையில் இழுபட்டது. அவள் நிமிர்ந்து மூச்சு வாங்கினாள். திரும்பவும் குனிந்தபோது மறுபக்கம் தானாக எழும்பியது. கத்தரீனாள் நின்றாள். எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"தலைமாட்டை நீ பிடி" என்றாள். "கால்மாடு முன்னால போகட்டும். அதான முறை."

இரண்டு பேரும் நடுவாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்து, ஜீப்பில் அவர்களே வைத்தார்கள். செபமாலை கம்பளியால் போர்த்தினாள். முகத்தை மூடும்போது கை நின்றது. கத்தரீனாள் அவள் கையைப் பிடித்து நகர்த்தி, தானே மூடினாள். ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

வெகுநேரம் இரண்டு பேரும் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்கு மணி அடித்தது. எழுந்திருக்கவில்லை.

"மதினி" என்றாள் கத்தரீனாள். "அவன்தான?"

"அவன்தான்" என்றாள் செபமாலை.

"தெரியும்."

கத்தரீனாள், தரையில் கிடந்த கயிற்றுத் துண்டைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "உனக்காச்சும் நெத்தி இப்படி, மூக்கு இப்படின்னு சொல்ல இருந்துச்சு. எம் பேத்தி மூஞ்சிய நான் சரியாப் பாக்கவே இல்ல மதினி. பாத்து வச்சுக்கணும்னு தோணல. அந்தப் படக்காரன் என்னையக் கேட்டிருந்தா, நான் என்னத்தச் சொல்லியிருப்பேன்?"

செபமாலை கத்தரீனாளின் கையிலிருந்த கயிற்றை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கங்காணி லயத்தடியில் நின்று இரண்டு பேர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.